வீடு பார்க்க ஆள் வரும்போது

முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும்தான் பிள்ளைகளுக்கு மைதானம். வீட்டை விற்பதென்று முடிவாகி, "பத்து நிமிஷத்தில் வருகிறோம்" என்று புரோக்கர் போன் செய்தால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நாளெல்லாம் வீட்டைத் துடைத்து வைக்க யாரால் முடியும்? பிள்ளைகளை அதட்டியும் பயனில்லை.

நேரத்தைக் கட்டுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மட்டும், அதுவும் ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிட்டு வரட்டும். பிள்ளைகள் மதரஸாவில் இருக்கும் நேரமானால் இன்னும் நல்லது. விளையாட்டுச் சாமானுக்கு மூடி போட்ட பெரிய கூடை ஒன்று போதும். கிணற்றை மூடி, மாடிப்படிக் கதவைப் பூட்டுங்கள். வந்தவர்களைக் கவனிக்கையில் பிள்ளை மேல் கண் இருக்காது. பீரோவும் பூட்டியிருக்கட்டும். பத்திரத்தின் நகலை மட்டும் காட்டலாம்.

பிள்ளை கிறுக்கிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில் தவறில்லை. ஐப்பசி மழையில் மெட்ராஸ் டெரஸ் ஒழுகும் இடத்தையோ, உப்புப் பூத்த சுவரையோ பீரோவை நகர்த்தி மறைப்பது வேறு. விற்கும் பொருளின் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது மார்க்கம் நமக்கு விதித்தது. அந்த இடத்தைக் காட்டி, பழுதுச் செலவை விலையில் கழித்துப் பேசிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்குவதற்கு முன்பே.