செத்தும் உட்கார்ந்திருக்கும் 'உ'!

மாஸ்கோவில் 'ஸ்தொல்'னு சொன்னா மேசையைக் காட்டுவாங்க. அதையே பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் சொல்லிப் பாருங்க... நாற்காலியை இழுத்துப் போடுவாங்க! யார் சொல்றது சரி?

ரெண்டு பேருமே சரிதான் பாஸ். ரெண்டு மொழிக்கும் ஒரே தாய், மூல ஸ்லாவிக். ஆனா அந்தத் தாய் எழுதிவெச்ச ஒரு துண்டுச் சீட்டுகூட கிடையாது. சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்களால் ஸ்லாவிக்குக்கு எழுத்து வந்ததே 863 வாக்கில்தான். அதனால மகள் மொழிகளை வரிசையா நிறுத்தி, பின்னோக்கிப் போய் தாயைப் பிடிக்கணும். நம்ம பாஷையில் ரிவர்ஸ் இன்ஜினீயரிங்!

அப்படிக் கிடைச்ச வார்த்தைக்கு முன்னாடி '*' போடுவாங்க. ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் வர்ற 'நிபந்தனைக்கு உட்பட்டது' மாதிரி, இதையும் நம்பக்கூடாதோன்னு நினைச்சேன். ஆனா கதையே வேற.

மூல வார்த்தை, *ஸ்தொலு. 'விரி' என்ற வினையிலிருந்து பிறந்ததாகப் பலர் சொல்றாங்க. விரிச்சுப் போட்டா, சாப்பிடவும் ஆச்சு, உட்காரவும் ஆச்சு! பழைய சர்ச் ஸ்லாவிக் மொழியில் அதுக்கு அரியணைன்னும் அர்த்தம் உண்டு. அதே குடும்பத்து 'ஸ்தொலீத்சா', ரஷ்யனில் தலைநகர். குரோவேஷியனில் வெறும் நாற்காலி.

இப்போ இலக்கணம். பயப்படாதீங்க, ஒரே ஒரு ரூல்தான்! இது ஆண்பால் சொல். எழுவாயா வரும்போது கடைசியில் ஒரு குட்டி 'உ', நம்ம குற்றியலுகரம் மாதிரி. 'மேசையின்' என்றால் *ஸ்தொலா. 10-ஆம் நூற்றாண்டு தொடங்கி அந்தக் குட்டி 'உ' கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போச்சு. ஆனா சும்மா போகலை. சில மொழிகளில் முன்னாடி இருந்த 'ஒ'வை நீட்டிவிட்டுட்டுப் போச்சு. நீண்ட அந்த ஒலி பிறகு மாறி, செக்கில் 'ஸ்தூல்', உக்ரைன் மொழியில் 'ஸ்தில்'னு ஆச்சு. 'மேசையின்' என்கிறப்போ மட்டும் உக்ரைனில் இன்னிக்கும் 'ஸ்தொலா'தான். அங்கே கடைசி 'ஆ' சாகலையே!

ரஷ்யனில் இன்னும் வேடிக்கை. சத்தம் போய்ப் பல நூறு வருஷம் ஆகியும், அந்த எழுத்தை மட்டும் சொல் கடைசியில் ஊமையா அச்சடிச்சிட்டே இருந்தாங்க. 1918 எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் அதுக்கு டிசி கொடுத்தாங்க.

இப்போ '*' பார்த்தா எனக்குச் சந்தேகம் வர்றதில்லை. கீவ் நகரத்தில் ஒரு குழந்தை 'ஸ்தில்'னு சொல்றப்போ, யாருமே கேட்காத அந்த 'உ'தான் உள்ளே இருந்து 'இ'யைப் பேச வைக்குது. இதைவிடச் சாட்சி வேணுமா?