பாவைக்குள் இருக்கும் கை



பாவைக்கூத்து என்றதும், மறைவிலே நின்று கயிற்றை இழுக்கும் கலைஞரையும், அக்கயிற்றின் நுனியிலே ஆடும் மரப்பாவையையும் நாம் நினைந்துகொள்வோம். நாணால் இயங்கும் மரப்பாவையை வள்ளுவரும் உவமையாக எடுத்தாண்டார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பாவைகளோ கயிற்றால் ஆடுபவை அல்ல. அமெரிக்காவிலே பிறந்து உலகெங்கும் பெயர்பெற்ற ‘மப்பெற்’ என்னும் இப்பாவைகள் துணியாலும் நுரை இறப்பராலும் ஆனவை. உள்ளே நுழையும் ஒரு மனிதக் கையினால் உயிர்பெறுபவை. 1979 முதல் 2014 வரை இவை நடித்த எட்டுப் படங்கள் திரையரங்குகளுக்கு வந்தன. அடுத்த படம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதில் இவற்றின் இரசிகர் பெரிதும் கவலை கொண்டுள்ளனர். இவர்களிற் பலர் நரை கண்டவர்கள். வளர்ந்தோர் ஒரு துணிப்பாவையின் படத்துக்காக இத்துணை ஆவலுடன் காத்திருப்பது ஏன்? அவர்கள் வேண்டுவதுதான் யாது?

இதற்கு விடை காண்பதற்கு இப்பாவைகளின் தோற்றத்தை முதலில் அறிதல் வேண்டும். 1955ஆம் ஆண்டிலே, பத்தொன்பது வயதும் நிரம்பாத ஜிம் ஹென்சன் என்ற இளைஞர், வாஷிங்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ஐந்து நிமிடப் பாவை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். தம் அன்னையார் கழித்துவிட்ட பழைய பச்சை மேலங்கியை வெட்டி உடலாக்கி, மேசைப்பந்து ஒன்றை இரண்டாகப் பிளந்து கண்களாக வைத்து, அவர் ஒரு பாவையைச் செய்தார். அதுவே கேர்மிற். அது தவளையென்று பெயர்பெற்றது பிற்காலத்திலேதான்.

ஹென்சன் செய்த பெரும் புதுமை பாவையை ஆட்டும் முறையிலே உள்ளது. பழைய பாவைக்கூத்துக்கு ஒரு சிறு மேடையும், ஆட்டுவோரை மறைக்கும் திரையும் இன்றியமையாதன. தொலைக்காட்சிச் சட்டமே மேடையாக இருக்கும்போது வேறொரு மேடை எதற்கு என அவர் எண்ணினார். ஆட்டுவோர் கீழே மறைந்து, கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பாவையைப் பிடிப்பர். ஒரு கை பாவையின் தலைக்குள் இருந்து வாயை அசைக்கும். மறு கை மெல்லிய கம்பிகளால் அதன் கரங்களை இயக்கும். தம் எதிரே வைத்த சிறு திரையிலே, காண்போர் காணும் காட்சியையே அவர்களும் கண்டு, குரலும் கொடுத்து நடிப்பர். கட்டை முகத்தில் காணமுடியாத மெய்ப்பாடுகள் இம்முறையிலே கிட்டின. துணியின் ஒரு மடிப்பு நாணத்தைக் காட்டிற்று. விரலின் ஒரு சுருக்கம் ஏமாற்றத்தைக் காட்டிற்று. ஹென்சன் தலையையும் குரலையும் இயக்க, அவருடைய தோழர் பிராங் ஒஸ் இரு கரங்களாகவும் நின்ற சுவீடன் நாட்டுச் சமையற்காரர் பாத்திரம் இக்கூட்டுழைப்புக்கு நல்ல உதாரணமாகும்.

1976 முதல் 1981 வரை ஒளிபரப்பாகிய ‘மப்பெற் ஷோ’ 120 நிகழ்ச்சிகளைக் கொண்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் தயங்கியமையால் அது இங்கிலாந்திலே, லண்டனை அடுத்த எல்ஸ்ட்ரீ என்னும் இடத்திலே தயாராயிற்று. பொறுமை மிகுந்த கேர்மிற், தற்பெருமையும் தாளாத காதலும் கொண்ட மிஸ் பிகி என்னும் பன்றி நங்கை, ஒருவரும் சிரிக்காத நகைச்சுவை சொல்லும் பொஸி என்னும் கரடி, இன்ன பிராணியென்று அறியமுடியாத கொன்சோ ஆகியோர் வீடுதோறும் உறவினராயினர்.

1979ஆம் ஆண்டு வந்த முதற்படத்தின் தொடக்கத்திலே, கேர்மிற் சதுப்புநிலத்து மரக்கட்டையொன்றில் அமர்ந்து, பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடும். சுற்றிலும் நீர், ஆட்டுபவர் எங்கே என்று காண்போர் வியந்தனர். ஹென்சன் நீருக்குள் அமிழ்த்திய ஓர் இரும்புக் கலத்தினுள் ஒடுங்கி உட்கார்ந்து, இறப்பர் உறையினூடே கையை மேலே நீட்டி அக்காட்சியை நடித்துக் கொடுத்தார். ஒரு தவளை பாடுவதை நாம் நம்பும்பொருட்டு ஒரு மனிதர் நீரின் கீழே இருந்தார். இரசிகர் இப்பாவைகளிடம் கொண்ட அன்பின் வேர் இத்தகைய உழைப்பிலேதான் இருக்கின்றது.

1981, 1984 ஆகிய ஆண்டுகளில் மேலும் இரு படங்கள் வந்தன. 1990ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், ஐம்பத்துமூன்றாம் வயதிலே, ஹென்சன் காலமானார். கேர்மிற்றின் கையும் குரலும் ஒருங்கே மறைந்தன. எழுத்தாளர் மறைந்தாலும் நூல் நிலைக்கும்; சிற்பி மறைந்தாலும் சிலை நிலைக்கும். பாவையோ ஆட்டுபவர் இல்லையேல் வெறுந்துணி. அதனை வேறொருவர் எடுத்து அணிந்தால் பழைய உயிர் திரும்புமா? அன்று எழுந்த இவ்வினாவே ஒவ்வொரு புதிய படம் வரும்போதும் இரசிகர் உள்ளத்தில் மீண்டும் எழுகின்றது.

முதல் விடை 1992இல் வந்தது. டிக்கன்ஸ் எழுதிய நத்தார்க் கதையை, ஹென்சனின் மைந்தர் பிரையன் ஹென்சன் மப்பெற் படமாக இயக்கினார். ஸ்டீவ் விற்மையர் கேர்மிற்றை ஏற்றார். கருமி ஸ்குரூஜாக நடித்த மைக்கேல் கெயின், பாவைகளோடு நடிக்கிறோம் என்ற ஏளனம் சிறிதுமின்றி, தேர்ந்த நாடக நடிகரோடு நடிப்பதுபோலவே நடித்தார். பாவையைப் பாவையென்று கருதாதவிடத்தே அது உயிர்பெறுகின்றது என்பதற்கு இப்படமே சிறந்த சான்று. இதிலே காதலர் பிரிவைக் கூறும் பாடலொன்று திரையரங்குப் பிரதியிலிருந்து நீக்கப்பட்டது. இறுதிப் பாடல் அதற்கு மறுமொழியாக அமைந்ததாதலின், அதன் பொருள் குன்றிற்று என இரசிகர் நெடுங்காலம் வருந்தினர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், அப்பாடலைச் சேர்த்த பிரதி வெளிவந்தது. இரசிகர் எதிர்பார்ப்பு வீண்போவதில்லை என்ற நம்பிக்கையை இது வளர்த்தது.

1996இல் ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ மப்பெற் படமாயிற்று. 1999இல் வந்த படம் கொன்சோவின் பிறப்பிடத்தை விண்ணுலகிலே தேடிற்று. ஆயின், பாவைகளுக்கென இயற்றிய பாடல்களுக்குப் பதிலாக முன்னரே புகழ்பெற்ற பாடல்களை அதில் நிரப்பியமை பலருக்குக் குறையாகப் பட்டது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் திரையரங்குகளில் புதிய மப்பெற் படம் இல்லை. 2004இல் டிஸ்னி நிறுவனம் இப்பாவைகளின் உரிமையை வாங்கியது. 2011இல், சிறுவயது முதல் மப்பெற் இரசிகராயிருந்த நடிகர் ஜேசன் சீகல் தாமும் சேர்ந்து எழுதி நடித்த படம் வந்தது. பிரிந்துபோன பாவைகள் மீண்டும் கூடித் தம் பழைய அரங்கை மீட்க முயல்வதே அதன் கதை. அது உலகெங்கும் ஏறக்குறைய 165 மில்லியன் டொலர் ஈட்டியதோடு, பாடலுக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது. 2014இல் வந்த அடுத்த படமோ ஏறத்தாழ 80 மில்லியன் டொலரே ஈட்டிற்று. 2015இல், கேர்மிற்றும் பிகியும் பிரிந்த கதையைச் சற்றுக் கசப்பான நகைச்சுவையோடு காட்டிய தொலைக்காட்சித் தொடர் ஒரு பருவத்தோடு முடிவுற்றது.

இவற்றிலிருந்து இரசிகர் விருப்பத்தை எளிதில் அறியலாம். முதலாவது, பாவை கையினாலேயே இயங்குதல் வேண்டும். கணனியால் எதனையும் வரைந்துவிடக்கூடிய இக்காலத்திலே, ஒருவரின் கை நடுக்கமும் மூச்சும் கலந்த அசைவே அவர்களுக்கு அருமையாகத் தோன்றுகின்றது. இரண்டாவது, கதையின் நடுவே பாவைகளே நிற்றல் வேண்டும். மனித நடிகர் துணையாய் அமைதல் வேண்டும். மூன்றாவது, பாடல்கள் புதியனவாய், பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து எழுவனவாய் இருத்தல் வேண்டும். நான்காவதும் தலையாயதுமான விருப்பம், பாத்திரங்களின் குணம் பிறழலாகாது என்பது. குறும்பும் குழப்பமும் எவ்வளவும் இருக்கலாம். ஒருவரை ஒருவர் கைவிடுதல் மட்டும் கூடாது. இக்குழுவிலே திறமையற்றவருக்கும் இடமுண்டு. பொஸியின் நகைச்சுவைக்கு அரங்கமே வாய்மூடி இருந்தாலும், மறுநாளும் கேர்மிற் அவனுக்கு மேடை கொடுக்கும். அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது துணியே.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மிஸ் பிகியை நாயகியாகக் கொண்ட ஒரு படம் எழுதப்படுகின்றது என்றும், தாமும் எம்மா ஸ்டோனும் அதனைத் தயாரிக்கப்போவதாகவும் நடிகை ஜெனிபர் லோறன்ஸ் தெரிவித்தார். பிகியின் குணத்தை வளர்த்தெடுத்த பிராங் ஒஸ் அப்பொறுப்பைவிட்டு நீங்கியபின், எரிக் ஜேக்கப்சன் பல்லாண்டுகளாக அதனைத் தாங்கிவந்தார். கேர்மிற்றை 2017 முதல் மற் வோகெல் ஏற்றார். 1976இல் கொன்சோவை ஏற்ற டேவ் கோல்ஸ் மட்டும் ஹென்சன் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தும் அதனைத் தாமே ஆட்டிவந்தார். ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கை மாறுவது இவ்வாறே நிகழ்ந்தது.

கை மாறும்போது ஆட்டுபவர் குரலை மட்டும் கற்றாற் போதாது. அப்பாவை எதற்கு மகிழும், எதற்கு நாணும், எவரை மன்னிக்கும் என்பதனையும் கற்றல் வேண்டும். பாட்டி சொன்ன கதையைத் தாய் சொல்லும்போது குரல் வேறாகின்றது. கதையின் நெஞ்சம் வேறாகிவிட்டால் குழந்தை உடனே கண்டுகொள்ளும். மப்பெற் இரசிகரும் அக்குழந்தையைப் போன்றவரே. பெருஞ்செலவையோ புதுமைப் பகட்டையோ அவர்கள் கேட்கவில்லை. அடுத்த படம் எவர் கையினால் ஆடினும், திரையிலே அந்தப் பச்சைத் தவளை திரும்பிப் பார்க்கும்போது, இது நம் கேர்மிற்றே என்று அவர்கள் உள்ளம் ஒப்புதல் வேண்டும். படம் எடுப்போர் நிறைவேற்றவேண்டிய கடன் அதுவேயாகும்.