தீயணைக்கும் கலையும் அதற்கான பயிற்சியும்

செந்நிற வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு விரையும்போது சாலையோரம் நின்று வியந்து பார்க்காத சிறுவர் இரார். நம் நாட்டில் ‘பொம்பா’ என்று யாவரும் அழைக்கும் அப்படையினரைத் துணிச்சல்மிக்கவர்கள் என்று போற்றுகிறோம். அது பொருத்தமே. ஆயினும் துணிச்சலை மட்டும் நம்பித் தீக்குள் நுழைபவன், சற்று நேரத்தில் தானே பிறரால் காப்பாற்றப்பட வேண்டியவனாகி விடுவான். தீயணைத்தல் முறையாகக் கற்றுத் தேற வேண்டிய தொழிலாகும்.

இதனை நன்குணர்ந்த முன்னோடி ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பிரெய்ட்வுட் ஆவார். 1824ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைவரான அவர், கூரை வேய்வோர், தச்சர், கொத்தனார் ஆகியோரைத் தேடிப் படையில் சேர்த்தார். கட்டடத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கே ஆபத்து எப்பக்கமிருந்து வரும் என்பது விளங்கும் அல்லவா? இருளில் வேலை செய்யப் பழகும்பொருட்டு அவர்களுக்கு வைகறையிலேயே பயிற்சி அளித்தார். பின்னர் இலண்டன் படைக்குத் தலைமையேற்ற அவர், 1861இல் பெருந்தீ ஒன்றின்போது சுவர் இடிந்து விழுந்து உயிர் நீத்தார்.

நம் நாட்டில் முன்னாளில் தீயணைப்புப் பணி மாநிலங்களின் பொறுப்பிலும் நகராட்சி மன்றங்களின் பொறுப்பிலும் சிதறிக் கிடந்தது. 1976ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அது கூட்டரசின் கீழ் ஒரே இலாகாவாக ஒன்றிணைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் மலேசியத் தீயணைப்பு மீட்பு இலாகா. சிலாங்கூர் மாநிலத்தில், பிரேசர் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கோல குபு பாருவில் அதன் பயிற்சிக் கழகம் அமைந்துள்ளது. திரெங்கானு, சபா, சரவாக் ஆகிய மாநிலங்களிலும் பயிற்சிக் கழகங்கள் உள்ளன.

அங்கே என்ன கற்பிக்கிறார்கள்? அணிவகுப்பும் ஓட்டமும் உண்டு. குழாயை விரிக்கவும் சுருட்டவும் ஏணியில் ஏறவும் கற்பதுண்டு. இவற்றினும் கடினமானது புகைக்குள் செல்லும் பயிற்சியே. தீ விபத்தில் பலர் நெருப்புச் சுடுமுன்னரே புகையால் மாண்டு போகின்றனர். ஆகவே வீரர் முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து, முகத்தில் மூடியணிந்து செல்கிறார். அக்காற்று ஏறக்குறைய அரைமணி நேரத்திற்குப் போதுமானது. பதற்றமடைந்து மூச்சிரைப்பவருக்கு அதற்கு முன்னரே தீர்ந்துவிடும். எனவே உள்ளே செல்லுமுன் தம் பெயர் குறித்த தகட்டை வாயிலில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். எவர் எப்பொழுது நுழைந்தார், எவ்வளவு காற்று இருந்தது என்று வெளியே நிற்பவர் குறித்து வைத்துக் கணக்கிட்டுக் கொண்டே இருப்பார். உள்ளே கண் தெரியாது. சுவரைத் தொட்டவாறே ஊர்ந்து சென்று, வந்த வழியே திரும்பப் பழக வேண்டும்.

தண்ணீர் பாய்ச்சுவதும் ஒரு கல்வியே. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் அளவுக்கு விரியும். மூடிய அறைக்குள் கண்டபடி நீரைப் பீய்ச்சினால் அந்த நீராவி வீரரையே அவித்து விடும். ஆகவே எவ்விடத்தில், எவ்வளவு, தூவலாகவா தாரையாகவா என்பதைக் கற்கிறார்கள். காற்றின்றிக் கனன்றுகொண்டிருக்கும் அறைக் கதவைத் திடீரெனத் திறந்தால், புகுந்த காற்றினால் தீ வெடித்துச் சீறி வெளிவரும். அதனால் கதவைத் திறக்குமுன் புறங்கையால் வெப்பத்தைச் சோதிக்கிறார்கள். (தாய்மார்களுக்கு ஒரு சொல்: வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெயின் அடியில் இறங்கிய நீர் ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். அடுப்பை நிறுத்தி, மூடி போட்டு மூடிவிட வேண்டும்.)

அடிப்படைப் பயிற்சி முடிந்தபின் நீரில் மீட்டல், இரசாயன விபத்து, தீயின் காரணத்தைப் புலனாய்தல் எனத் தனித் துறைகள் விரிகின்றன. இவற்றுள் எதுவும் எளிதன்று. 2018 அக்டோபர் 3ஆம் நாள் பூச்சோங் வட்டாரத்தில் ஈயக்குட்டையில் விழுந்த சிறுவனைத் தேடி இறங்கிய ஆறு வீரர்கள், நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தனர். அவர்கள் நீர்மீட்புப் பணியில் பயிற்சி பெற்றவர்கள். கற்றவரையும் இயற்கை வெல்லக்கூடும் என்பதனால்தான் பயிற்சி ஒருநாளும் முடிவதில்லை. நிலையத்தில் அழைப்பு இல்லாத வேளையிலும் ஒத்திகை நடந்துகொண்டே இருக்கிறது.

இப்பணியில் சேர மூன்று வாயில்கள் உள. எஸ்.பி.எம். தேறியவர் தீயணைப்பு வீரராகலாம், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா பெற்றவர் உதவி அதிகாரியாகலாம். பட்டதாரி அதிகாரியாகவே நுழையலாம். பொதுச் சேவை ஆணையத்தின் வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும். பெண்களும் சேரலாம். உடற்கட்டும் கண் பார்வையும் சோதிக்கப்படும். தேசிய மொழித் தேர்ச்சி இன்றியமையாதது. தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் உழைப்பும் புதியன அல்ல. தேர்வுச் சான்றிதழில்தான் பலர் பின்தங்கி விடுகின்றனர் என்பதைப் பெற்றோர் கருதுதல் வேண்டும். மேலே கற்க விரும்பும் அதிகாரிகளுக்கு, 1918இல் இங்கிலாந்தில் தோன்றிய தீயணைப்புப் பொறியாளர் கழகம் நடத்தும் தேர்வுகளும் உண்டு. பல நாட்டவர் அவற்றை எழுதுகின்றனர்.

முழுநேரப் பணியில் சேராதவர்களுக்கும் வழியுண்டு. நிலையம் தொலைவிலுள்ள ஊர்களில் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் இயங்குகின்றன. அவற்றின் உறுப்பினர்களுக்கு இலாகாவே பயிற்சி அளிக்கிறது. பலகை வீடுகள் நெருங்கி நிற்கும் லயங்களில் தீ ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. வண்டி வந்து சேரும்வரை முதல் சில நிமிடங்களைக் காப்பவர்கள் அக்கம்பக்கத்தாரே. 999 என்னும் எண்ணை அழைத்தவுடன் தோட்டத்தின் பெயர், பிரிவு, அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில் ஆகியவற்றை நிதானமாகக் கூற வேண்டும். செம்மண் சாலை பிரியும் சந்தியில் கைவிளக்குடன் ஒருவரை நிறுத்தி வைத்தால், இரவிலும் வண்டி வழி தவறாமல் வந்து சேரும்.