ஆயுதக் கொம்பனியும் அமைச்சின் வாசற்படியும்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்னும் மூதுரையை யாழ்ப்பாணத்தார் அளவுக்கு உளங்கொண்டவர் அரியர். கச்சேரியிலும் தபாற்கந்தோரிலும், கடல்கடந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞராய் அமர்ந்து ஊரிற் கல்வீடு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வகிக்கும் பதவிகள் சிலவற்றின் பெயரை ஊரிலுள்ளார்க்கு விளக்குவது எளிதன்று. அவற்றுள் ஒன்று, பாதுகாப்புத் தொழில்நுட்பக் கொம்பனி ஒன்றின் ‘அரசாங்க விவகாரத் தலைவர்’ என்பது. கொம்பனி தனியாருடையது, விவகாரமோ அரசாங்கத்துடையது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் இவர் யார்? இவருக்கு அங்கே என்ன வேலை?

சுன்னாகச் சந்தையில் ஒரு வாழைக்குலைக்குப் பத்துப்பேர் விலை கேட்பர். பீரங்கிக்கும் ராடருக்கும் ஆளில்லா விமானத்துக்கும் அத்தகைய சந்தை இல்லை. வாங்குவோன் ஒருவனே, அவன் அரசாங்கம். பொருள் எவ்வாறு இருக்கவேண்டும் என விதிப்பவனும் அவனே. பிறநாட்டுக்கு விற்க அனுமதிப்பவனும் மறுப்பவனும் அவனே. ஆதலால் இத்தகைய கொம்பனிக்கு நல்ல பொறியியலாளர் மாத்திரம் இருந்தாற் போதாது. வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாக வாசித்து, படைக்கு எது குறைவு, அதனை எந்தக் குழு எப்பொழுது தீர்மானிக்கும் என்று முன்னரே அறிந்து, அமைச்சுக்கும் பாராளுமன்றக் குழுவுக்கும் பொருளின் தன்மையை எடுத்துரைத்து, அங்கே கேட்ட குறைகளைத் தொழிற்சாலைக்குத் திருப்பிக் கொணர்பவர் ஒருவர் வேண்டும். அவரே மேற்கூறிய தலைவர். வழக்கறிஞர் நீதிமன்றத்திற் கட்சிக்காரனுக்காகப் பேசுவதுபோல இவர் கொம்பனிக்காகப் பேசுகிறார். அவ்வளவில் இதிற் குற்றம் எதுவும் நாம் காணவில்லை.

நேர்மையான வழியில் இது நடந்ததற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தரைப்படை, தகவல்களைத் தொகுத்து ஆராயும் கணினி முறையொன்றைத் தானே புதிதாக ஆக்குவிக்க முற்பட்டது. ஆயத்தமாகச் சந்தையில் உள்ள பொருளை முதலிற் கருதவேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறதே என வாதாடி, பலன்ரியர் என்னும் கொம்பனி 2016இல் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் நீதிமன்றம் கொம்பனியின் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நாம் விரும்பலாம், வெறுக்கலாம்; ஆயின் வாதம் முழுவதும் பகிரங்கமாக நிகழ்ந்தது.

மறுபக்கமும் அந்நாட்டிலேயே உண்டு. விமானப்படையின் கொள்வனவுப் பகுதியில் உயர்பதவி வகித்த டார்லின் ட்ரூயன் என்னும் அம்மையார், போயிங் கொம்பனியின் எரிபொருள் நிரப்பும் விமானங்கள் பற்றிய பெரும் பேரத்தை நடத்திய காலத்திலேயே, அதே கொம்பனியிற் தமக்கு வேலை பேசினார். மகளுக்கும் மருமகனாக வரவிருந்தவருக்கும் அங்கே வேலை கிடைத்திருந்தது. 2004இல் அவருக்கு 9 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிள்ளைக்கு வேலை என்றால் எந்தத் தாய்க்கும் மனம் இளகும். அதனை அறிந்தவர்களே இவ்வுலகில் மிகத் திறமையான தரகர்கள்.

தரகு என்றவுடன் போபோர்ஸ் நினைவுக்கு வருவது இயல்பே. 1986 மார்ச் 24ஆம் நாள் இந்திய அரசாங்கம் சுவீடனின் போபோர்ஸ் கொம்பனியிடம் 155 மில்லிமீற்றர் பீரங்கிகள் 410ஐ ஏறக்குறைய 1437 கோடி ரூபாவுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இடைத்தரகர் இருக்கலாகாது என்பது இந்தியா விதித்த நிபந்தனை. ஓராண்டு கழிந்து, 1987 ஏப்ரில் 16ஆம் நாள், சுவீடன் வானொலி தரகுப்பணம் கொடுக்கப்பட்டதென அறிவித்தது. அதன்பின் சென்னையிலிருந்து வெளிவரும் ‘இந்து’ ஆங்கிலப் பத்திரிகை, சித்திரா சுப்பிரமணியம், என். ராம் ஆகியோரின் முயற்சியால், வங்கிக் கணக்குகளையும் கடிதங்களையும் தொடர்ந்து வெளியிட்டது. கொம்பனித் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போ தம் நாட்குறிப்பிற் சிலரைத் தனி எழுத்தாலேயே குறித்திருந்தார் என்பதும் வெளியாயிற்று. முழுப்பெயரை எழுதக் கை கூசும் சந்திப்பு எத்தகையது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பத்திரிகைக்கு ஆவணங்களை வழங்கியவர் சுவீடன் பொலிஸ் அதிகாரி ஸ்டென் லின்ட்ஸ்ட்ரோம் என்பது 2012இலேதான் உலகறிய வந்தது.

இதில் மாணவர் கருதவேண்டிய வினோதம் ஒன்று உண்டு. பீரங்கி கெட்ட பீரங்கி அன்று. 1999இற் கார்கில் மலைகளில் இந்தியப்படைக்கு அது பேருதவி புரிந்தது. நீதிமன்றத்திலும் வழக்கு நிலைக்கவில்லை. 2004, 2005ஆம் ஆண்டுகளில் டில்லி உயர்நீதிமன்றம் முக்கியமான குற்றச்சாட்டுக்களை நீக்கியது. எனினும் 1989இல் ஓர் அரசாங்கம் வீழ்வதற்கு அது பெருங்காரணமாயிற்று. அதனிலும் பெரிய விளைவு, புதிய பீரங்கி வாங்கும் பத்திரத்திற் கையொப்பமிட அதிகாரிகள் அஞ்சியமையே. 2016இல் அமெரிக்காவிடம் 145 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் செய்யும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், பீரங்கிக் கொள்வனவு முடங்கிக் கிடந்தது. இரகசியமாகக் கொடுக்கப்பட்ட பணம் நேர்மையாகப் பேச வந்தவனின் வாயையும் அடைத்துவிட்டது.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று யாழ்ப்பாணத்தார் இருந்துவிட முடியாது. சகடை, புக்காரா, கிபிர், மிக் என்று வானத்து இரைச்சலைக் கொண்டே விமானத்தின் பெயர் சொல்லக்கற்ற பிள்ளைகள் வளர்ந்த மண் இது. பதுங்குகுழிக்குள் ஓடியவர் எவரும் அவ்விமானத்தை எவர் விற்றார், எவர் பேசினார், எவ்வளவுக்குப் பேசினார் என்று கேட்கும் நிலையில் இருக்கவில்லை. கேட்கத் துணிந்தவை கொழும்பின் ஆங்கில வாரப்பத்திரிகைகள். 2006இல் உக்ரேனிலிருந்து 4 மிக்-27 விமானங்களை வாங்கவும் முன்னர் வாங்கியவற்றுள் 4ஐப் பழுதுபார்க்கவும் இலங்கை விமானப்படை உடன்பாடு செய்தது. மதிப்பு ஏறக்குறைய 1 கோடி 46 இலட்சம் டொலர். விற்றது உக்ரேன் அரசுக் கொம்பனி என்றால், பணம் ஏன் பெலிமிசா ஹோல்டிங்ஸ் என்ற வேறொரு கொம்பனிக்குச் செல்லவேண்டும் என்பதே பத்திரிகைகள் எழுப்பிய வினா. அவ்வினாவைப் பொலிஸ் நிதிக்குற்றப் பிரிவு கையிலெடுக்க 2015ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. பொருள் நல்லதா, விலை தக்கதா என்று அமைச்சின் வாசலில் நின்று வெளிப்படையாக விடையளிக்க ஒருவர் இருந்திருப்பின் இவ்வளவு காலம் சென்றிராது.

கனடாவில் இதற்கு எளிய மருந்தொன்று வைத்திருக்கிறார்கள். 2008இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கொம்பனிக்காகப் பேசுபவர் தம் பெயரைப் பதிவேட்டில் எழுதவேண்டும். உயர் அதிகாரி ஒருவரோடு முன்கூட்டி ஏற்பாடு செய்து பேசினால், எந்நாளில் எவரோடு எப்பொருள்பற்றிப் பேசினார் என்பதை அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் அறிவிக்கவேண்டும். பதிவேடு கணினியில் எவருக்கும் திறந்திருக்கிறது. ஸ்காபரோவிலுள்ள மருமகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். இலங்கையிலும் இந்தியாவிலும் இத்தகைய பதிவேடு சட்டத்தால் ஏற்படவில்லை. எமது நாட்டின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பாதுகாப்பு விடயங்களை மறுக்க இடமளிக்கிறது. ஆயின் வெளியிடுவதாற் பொதுமக்களுக்கு உண்டாகும் நன்மை மிகுதியாயின் மறுக்கலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. இவ்வாசகத்தை எடுத்தாள்பவர் எம்மவருட் சிலரே.

கொம்பனிக்காக மாத்திரமே அமைச்சின் வாசற்படி ஏறவேண்டும் என்ற விதியும் இல்லை. சில டொலருக்கு விற்கப்பட்ட மிதிவெடி ஒன்றை அகற்ற நூற்றுக்கணக்கான டொலர் செலவாகும். முகமாலையில் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிய பெண்கள் இதனை நன்கறிவர். அவ்வெடியைத் தடைசெய்ய வேண்டுமென்று, ஆயுதக் கொம்பனிகளின் ஆட்கள் கையாளும் அதே முறைகளைக் கையாண்டு, ஜோடி வில்லியம்ஸ் அம்மையாரும் அவரது கூட்டியக்கமும் தலைநகர் தோறும் சென்று பேசினர். கால் இழந்தவர்களே மாநாட்டு மண்டபங்களுக்கு வந்து அதிகாரிகளின் எதிரில் நின்றனர். 1997இல் ஒட்டாவாவில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அவ்வாண்டின் நோபல் சமாதானப் பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் இணைந்தது 2017 டிசம்பர் 13ஆம் நாள்.