செப்டம்பர் சோர்வு

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, "சித்தி, என் மூளை இதுக்கு மேல வளராதுபோல" என்றான். ஜூனிலிருந்து கேட் தேர்வுக்குப் படிக்கிறான். விடியற்காலையில் இரண்டு மணி நேரம், அப்புறம் அலுவலகம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். முதல் மாக் டெஸ்டில் 71 பர்சென்டைல். ஆகஸ்டில் 84. அதற்குப் பிறகு எழுதிய நான்கிலும் 83, 85, 84, 83. சதவீதக் கணக்கில் ஒரு குறுக்குவழி பிடிபட்டால்கூட வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறவன், இப்போது கஷ்டமான கணக்கைப் போட்டு முடித்தாலும் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை.

இது சோம்பல் இல்லை, திறமைக் குறைவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சமாதானத்துக்காக அப்படிச் சொல்லவில்லை. நாம் முன்னேறுகிறோமா என்று பார்க்க மனம் நம்பியிருக்கும் அளவுகோல்கள் எல்லாமே, படிப்பின் நடுப்பகுதியில் தவறாகக் காட்டுகின்றன. அதுவும் ஒரே திசையில்.

முதல் அளவுகோல் அந்த பர்சென்டைலேதான். ஐ.ஐ.எம்.களில் சேருவதற்கான கேட் தேர்வை நவம்பர் கடைசியில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதுகிறார்கள். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். 90 பர்சென்டைல் என்றால் பத்தில் ஒன்பது பேர் நமக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஆனாலும் முப்பதாயிரம் பேர் முன்னால் நிற்பார்கள். அது நமக்கு என்ன தெரியும் என்பதன் அளவு இல்லை, வரிசையில் நம் இடம். ஜூனில் நம்மோடு மாக் டெஸ்ட் எழுதியவர்களும் செப்டம்பர் வரை சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில் இன்னொரு ரயில் வந்தால், ஜன்னல் வழியே பார்க்கிறவருக்கு இரண்டும் நின்றுவிட்டது மாதிரித்தான் இருக்கும். 84 அசையாமல் நின்றதற்கு, இவன் ஓடிக்கொண்டிருந்தான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இது கணக்கு விவகாரம். இரண்டாவது அளவுகோல், படிக்கும்போது வரும் சந்தோஷம். அது எங்கே போனது என்ற கேள்விக்கு மூளைக்குள் போகவேண்டும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் சுவிட்சர்லாந்தில் குரங்குகளை வைத்து நீண்ட காலம் ஆய்வு செய்தார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று மெல்லிய மின்முனைகளால் பதிவு செய்தார். குரங்குக்குத் திடீரென்று ஒரு சொட்டுப் பழச்சாறு கொடுத்தால் அந்தச் செல்கள் படபடவென்று துடித்தன. அடுத்து, சாறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அடையாளம் காட்டப்பட்டது. அதைக் கண்டால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு நடந்ததுதான் வியப்பு. துடிப்பு அடையாளத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது செல்களில் எந்த மாற்றமும் இல்லை. அதே சாறு, அதே நாக்கு. அடையாளம் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டால், சரியாகச் சாறு வந்திருக்கவேண்டிய அந்தக் கணத்தில், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அடங்கிப்போனது.

கிடைத்த பரிசையல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் சொல்கின்றன என்று ஷுல்ட்ஸும் பீட்டர் டயானும் ரீட் மான்டேக்கும் 1997-இல் எழுதினார்கள். எதிர்பாராமல் வந்தால் ஏற்றம், எதிர்பார்த்தபடி வந்தால் மௌனம், எதிர்பார்த்து வராவிட்டால் இறக்கம். இந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக ஷுல்ட்ஸுக்கும் டயானுக்கும் ரே டோலனுக்கும் 2017-இல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு ஒன்று சேர்த்து வழங்கப்பட்டது.

குரங்கின் ஒரு செல்லிலிருந்து மாணவனின் மனநிலைக்கு நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் ஜூன் மாதத்தை இந்த வெளிச்சத்தில் நினைத்துப் பார்க்கலாம். அப்போது எல்லாமே எதிர்பாராதது. "அட, இது இவ்வளவுதானா!" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை. செப்டம்பரில் அதே கணக்கு வரும் என்று அவனுக்கே தெரியும். தெரிந்தது வந்தால் செல்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு சலித்துப்போனதற்குக் காரணம், படித்தது உள்ளே இறங்கிவிட்டதே. மாக் டெஸ்டில் 88 வரும் என்று நம்பி உட்கார்ந்து 83 வரும்போது, சாறு வராத குரங்கின் நிலைமை.

டோபமைனை "மகிழ்ச்சி வேதிப்பொருள்" என்று சொல்லும் பழக்கம் பரவிவிட்டது. அது எனக்கு உறுத்துகிறது. அமெரிக்காவில் ஜான் சலமோன் என்ற ஆய்வாளர் எலிகளுக்கு இரண்டு வழிகள் வைத்தார். ஒரு பக்கம் நிறையத் தீனி, ஆனால் நடுவில் ஏறித் தாண்டவேண்டிய தடுப்பு. மறு பக்கம் கொஞ்சம் தீனி, தடுப்பு இல்லை. சாதாரண எலிகள் ஏறித் தாண்டின. டோபமைன் வேலை செய்யாமல் தடுக்கப்பட்ட எலிகள் கொஞ்சத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டன. தடுப்பை எடுத்துவிட்டால் அவையும் நிறைய இருக்கும் பக்கமே போயின. ஆசை குறையவில்லை, எங்கே இருக்கிறது என்ற அறிவும் குறையவில்லை. அதற்காக மெனக்கெடத்தான் உடம்பு வரவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தபடியே ஒரு மணி நேரத்தைக் கழிக்கிற எவரையும் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால், எனக்கு இப்போதெல்லாம் அந்த எலிகள் நினைவுக்கு வருகின்றன.

மூன்றாவது அளவுகோல், "நன்றாகப் புரிகிறது" என்ற உணர்வு. மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி மாணவர்கள் அதிகம் பழக்கமில்லாத நான்கு கன உருவங்களின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கக் கற்றார்கள். ஒரு குழு ஓர் உருவத்தின் கணக்குகளை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வரிசையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது கலந்து செய்தவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். வரிசைக்காரர்கள் 20.

இந்த எண்களை நான் பல தடவை படித்திருக்கிறேன். இன்னும் பழகவில்லை. பயிற்சி நாளில் இரண்டு அறைகளுக்குள்ளும் போய், "உங்களில் யார் நன்றாகக் கற்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால், 89 எடுத்த அறைதான் கை தூக்கியிருக்கும்.

காரணம் எளிது. "காலமும் வேலையும்" என்ற தலைப்பின் கீழ் முப்பது கணக்குப் போடுகிறவர், எந்த வழியில் போடுவது என்று ஒரு தடவைகூட யோசிக்கவேண்டியதில்லை. தலைப்பே சொல்லிவிடுகிறது. கேட் தாளில் எந்தக் கணக்குக்கும் தலைப்பு இருக்காது. இது எந்த வகை, இதைத் தொடுவதா விடுவதா என்று தீர்மானிப்பதுதான் அங்கே பாதி வேலை. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்று போகும் என்ற ஏற்பாட்டில், விடத் தெரிவதும் ஒரு திறமை. அக்கா மகன் ஆகஸ்ட் கடைசியில்தான் கலந்து போட ஆரம்பித்தான். சரியாக அப்போதுதான் "எதுவும் வரமாட்டேங்குது" என்ற புலம்பலும் ஆரம்பித்தது.

இதற்கெல்லாம் மேல் நடுவழி என்பதன் கஷ்டம் ஒன்று இருக்கிறது. உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே, தீனி இருக்கும் முனையை நெருங்க நெருங்க எலிகள் வேகம் கூட்டுவதைக் கண்டார். மனிதர்களும் அப்படித்தான். தொடங்கிய இடம் கண்ணில் படும்வரை ஒரு வேகம், முடியும் இடம் தெரிந்ததும் ஒரு வேகம். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கால் தளரும். நவம்பர் தேர்வுக்கு ஜூனில் தொடங்கியவருக்கு அந்த இடம் ஆகஸ்டும் செப்டம்பரும்.

ஆகவே, "மூடு" வரட்டும் என்று காத்திருப்பது நடுப்பகுதியில் பலிக்காது. வராத நாளிலும் உட்காரவைக்க வேறொன்று வேண்டும், அது பழக்கம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பின்தொடர்ந்தார்கள். தினமும் ஒரே சமயத்தில், காலை உணவுக்குப் பிறகு என்பதுபோல், புதிதாக ஒன்றைச் செய்யவேண்டும். அது தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதில் இன்னொரு செய்தி. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஒரு நாள் விட்டுப்போனதற்காக ஒரு வாரத்தையே கைகழுவுகிறவர்களிடம் இதை எப்படியாவது சொல்லிவிடவேண்டும்.

அவனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஜூலையில் எழுதின தாள் இருக்கா? அதுல நீ போட முடியாம விட்ட ஒண்ணை இப்ப போடு."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். ஆறு பேர், ஆறு ஊர், ஆறு வாகனம் என்று வரும் ஒரு லாஜிக் செட். அன்றைக்கு இருபது நிமிடம் உருட்டிவிட்டு விட்டிருந்தான். தாளின் ஓரத்தில் பெரிய கேள்விக்குறியும் இருந்தது. நான் காபி கலந்து கொண்டுவருவதற்குள் கட்டத்தை நிரப்பி முடித்திருந்தான். டம்ளரை வாங்கிக்கொண்டு அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதைப் போய் ஏன் விட்டேன்?" என்றான். "இதுல கஷ்டமா ஒண்ணுமே இல்லையே, சித்தி."