கனவான்களும் ஆட்டக்காரரும்: ஹரல்ட் லார்வூட்டின் ரெஸ்ற் வாழ்வு பற்றிய ஒரு குறிப்பு

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து ஆங்கிலக் கிரிக்கெற்றின் வரலாறு, அந்நாட்டு வர்க்க உறவுகளின் வரலாற்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. ஊதியமின்றி ஆடிய வசதிபடைத்தோர் 'கனவான்கள்' எனவும், ஊதியம் பெற்று ஆடியோர் வெறுமனே 'ஆட்டக்காரர்' எனவும் வகுக்கப்பட்டனர். பல மைதானங்களில் இரு சாராருக்கும் உடைமாற்றும் அறைகளும் வாயில்களும் வெவ்வேறாயிருந்தன. இங்கிலாந்து அணியின் தலைமை கனவானின் உரிமையாகவே கருதப்பட்டது. இவ்வமைப்பின் இயல்பை நொட்டிங்ஹம்ஷயர் வேகப்பந்து வீச்சாளர் ஹரல்ட் லார்வூட்டின் (1904-1995) குறுகிய ரெஸ்ற் வாழ்வு துலக்கமாகக் காட்டுகின்றது.

நன்கார்கேற் கிராமத்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 14 வயதில் தாமும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்கமர்ந்தார். 1926 ஜூனில் இங்கிலாந்துக்காக முதன்முதலில் ஆடினார். மே மாதத்துப் பொது வேலைநிறுத்தம் ஒன்பது நாட்களில் கைவிடப்பட, கதவடைப்புக்குள்ளான சுரங்கத் தொழிலாளர் தனித்து நின்று போராடிய கோடைகாலம் அது. தொழிலாளரின் கோரிக்கைக்குச் செவிசாய்க்காத சமுதாயம், அவர்களுள் ஒருவனின் உடல் வலிமையைத் தேசியப் பெருமையாகக் கொண்டாடியது.

1930இல் இங்கிலாந்துக்கெதிராக ஒரே தொடரில் 974 ஓட்டங்களைக் குவித்த பிரட்மனை அடக்குவதற்கு, ஒக்ஸ்போர்டில் பயின்ற அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் வகுத்த உபாயமே 'பொடிலைன்'. களத்தடுப்பாளரைக் காற்பக்கமாகக் குவித்து, நிலத்திற் குத்தி உடலை நோக்கியெழும் பந்துகளை வீசுவது அது. 1932-33 தொடரில் லார்வூட் 33 விக்கெற்றுகளை வீழ்த்தினார்; இங்கிலாந்து நான்குக்கு ஒன்றாக வென்றது. அடிலெயிட் ஆட்டத்தில் அவுஸ்திரேலியர் இருவர் அவரது பந்துகளால் தாக்குண்டதை அடுத்து எழுந்த பூசல், இரு அரசாங்கங்களின் உறவையும் தொட்டது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே மனங்கொள்ளத்தக்கது. திட்டத்தை வகுத்தவர் 1933-34இல் இந்தியாவுக்குச் சென்ற அணிக்கும் தலைமை தாங்கினார். பின்னர், அவுஸ்திரேலியருக்கெதிராக ஆட விருப்பமில்லையெனத் தாமே அறிவித்து ஒதுங்கினார். கட்டளையை நிறைவேற்றியவரிடமோ மன்னிப்புக் கோரப்பட்டது. தலைவரின் பணிப்பின்படியே வீசியதால் மன்னிப்புக் கேட்பதற்கு ஏதுமில்லையென லார்வூட் மறுத்தார். காற்காயம் அவரது வேகத்தைக் குறைத்தது உண்மையே. ஆயினும் 1938 வரை தம் மாகாணத்துக்கு ஆடிய அவர், 28 வயதிற்குப் பின் இங்கிலாந்துக்கு ஆடவேயில்லை. 21 ரெஸ்ற்றுகள், 78 விக்கெற்றுகளுடன் அக்கணக்கு முடிந்தது.

பொடிலைனைத் தனியொரு சம்பவமாகவன்றி, அக்காலத்து வன்முறையின் வெளிப்பாடாக 1963இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார் மார்க்சிய அறிஞர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். அவ்விளக்கத்துடன் ஒன்றைச் சேர்த்தல் தகும்: வன்முறை காலத்திற்குப் பொதுவாயினும், அதற்கான தண்டனை வர்க்கத்தின்படியே பங்கிடப்பட்டது. கனவான்-ஆட்டக்காரர் பாகுபாடு ஒழிக்கப்பட்டது 1962இலேதான். அதற்குப் பன்னிரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1950இல், லார்வூட் குடும்பத்தோடு நாட்டை நீங்கியிருந்தார். அவர் குடியேறியது, ஒருகாலத்தில் தம்மைத் தூற்றிய அவுஸ்திரேலியாவில்.