ரேஷன் பையும் காசநோயும்

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், கூடவே இருப்பவர்களுக்கும் அது தொற்றக்கூடும். தொற்றிய எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. கிருமி உடம்பில் உறங்கிக் கிடக்கும். ஊட்டம் குறைந்த உடம்பில்தான் அது எளிதாக விழித்துக்கொள்கிறது.

அப்படியானால் சாப்பாடு கொடுத்தே நோயைத் தடுக்கலாமா? ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 2019-இல் தொடங்கிய ஆய்வு இதைச் சோதித்தது. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் இதில் பங்கு உண்டு. நோயாளிகள் 2,800 பேருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் தரப்பட்டது. வித்தியாசம் குடும்பத்தாரிடம்தான். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மற்றவர்கள் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிட்டார்கள்.

முடிவு 2023-இல் லான்செட் இதழில் வெளியானது. அரிசி, பருப்பு வாங்கிய குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. சளிப் பரிசோதனை போன்றவற்றில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைவு. தடுப்பூசி அல்ல, வெறும் ரேஷன் சாமான்! நோயாளிகளிடமும் ஒன்றைக் கவனித்தார்கள்: சிகிச்சையின் முதல் 2 மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.